1932இல் பிறந்தவரும் 2045இல் முடியும் குத்தகையும்

தோட்ட ஆபீஸில் ஓடுகிற, தொழிலாளரின் வரவையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் புரோகிராமைப் பற்றிப் பேச்சு வந்தால், எத்தனை பேருக்குச் சம்பளம் போடும், எத்தனை டிவிஷனைத் தாங்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை வருடத்தைத் தாங்கும் என்று கேட்பவர் குறைவு. கணக்கைப் பாருங்கள். இலங்கையின் பெருந்தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது எழுதிய குத்தகை, 1992இலிருந்து 53 வருடம். அதாவது 2045 வரை. அதே 1992இல் 60 வயதோடு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளி 1932இல் பிறந்தவர். சேவைக்காலப் பணம் (பணிக்கொடை) பார்க்க அவருடைய பிறந்த திகதியும் வேண்டும், ஐந்தொகை போட குத்தகை முடியும் திகதியும் வேண்டும். நடுவில் 113 வருடம். வருடத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் வாங்குகிற புரோகிராமுக்குப் பிடிபடுவது 100 வருடம். மிச்சம் 13 வருடத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

விற்றவரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அது பழைய சிஸ்டம், வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது." இதை அப்படியே ஏற்றுக்கொண்டு புதிய பதிப்புக்குக் கொட்டேஷன் வாங்குகிற ஆபீஸ்கள்தான் அதிகம். ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலரின் பேரிங் ஓட ஓடத் தேயும். அதற்கு வாரண்டிக் காலம் வைப்பதில் நியாயம் உண்டு. திகதிப் பிழை ஓடித் தேய்ந்து வருவதில்லை. விற்ற அன்றைக்கே அது உள்ளே இருந்தது, வெளியே தெரியும் நாள் மட்டும் பிந்தியது.

இந்தப் புரோகிராம்களில் பல 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஃபாக்ஸ்புரோ, விஷுவல் பேசிக் 6 என்ற நிரல்மொழிகளில் எழுதப்பட்டவை. மைக்ரோசாஃப்ட் விஷுவல் பேசிக் 6க்கான ஆதரவை 2008இலும், விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவை 2015இலும் நிறுத்திவிட்டது. இன்னும் அவை ஓடுவதில் வியப்பில்லை. மாதா மாதம் சம்பளச்சிட்டு வருகிறதென்றால் யார் கைவைப்பார்?

2000ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் வருடத்தைப் பிழையாக எடுக்கும் என்று பயந்த வை2கே காலத்தில் இவற்றுக்குச் செய்த வைத்தியத்தைத் தெரிந்துகொண்டால்தான் இன்றைய பொறுப்பு விளங்கும். நான்கு இலக்க வருடத்துக்கு மாற்றுவதென்றால் ஒவ்வொரு திரையையும் அறிக்கையையும் தொட வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு வெட்டுப்புள்ளி வைத்தார்கள். 30ஐ வெட்டுப்புள்ளியாக எடுத்தால் 00 முதல் 29 வரை 2000கள், 30 முதல் 99 வரை 1900கள். எக்செல்லும் விண்டோஸும் நெடுங்காலம் வைத்திருந்த எல்லையும் இதுதான்: 1930 முதல் 2029 வரை. விஷுவல் பேசிக் 6 புரோகிராம்கள் விண்டோஸின் இந்த எல்லையையே பார்த்து ஓடும். ஃபாக்ஸ்புரோவில் எழுதினவர் தானே ஒரு வருடத்தைக் குறித்திருப்பார். எதைக் குறித்தார் என்பது மூலநிரலைத் திறந்தால்தான் தெரியும்.

அந்த நாளில் பிரித்தானியத் தர நிறுவனம் வெளியிட்ட பிடி2000-1 என்ற வரையறையை ஒட்டித்தான் பல ஒப்பந்தங்களில் "வை2கே இணக்கம்" என்று எழுதினார்கள். நூற்றாண்டை வெளிப்படையாகச் சொல்லலாம், அல்லது குழப்பமில்லாத ஒரு விதியால் ஊகிக்கலாம் என்று அதில் இருந்தது. ஆகவே வெட்டுப்புள்ளி வைத்த புரோகிராமும் அந்தப் பரீட்சையில் பாஸ். 2000த்தைத் தாண்டியதற்கு அந்தச் சான்றிதழ் சாட்சி. 2030க்கு அது எதையும் சொல்லவில்லை. "நாங்கள் வை2கே சர்டிஃபிகேட் எடுத்த கம்பனி" என்று யாராவது இன்று நீட்டினால், வெட்டுப்புள்ளி எந்த வருடம் என்று மட்டும் கேளுங்கள்.

2030 ஜனவரிச் சம்பளத்துக்கு "30" என்று அடித்தால் 1930 என்று எடுத்துக்கொள்ளும் புரோகிராம் அப்போதுதான் பழுதாகும் என்று நினைக்கவும் வேண்டாம். எதிர்காலத் திகதி கேட்கும் இடத்திலெல்லாம் இப்போதே பிழை வரும்: குத்தகை அட்டவணை, நீண்டகாலக் கடன் தவணை, 2030க்குப் பிறகு ஓய்வு பெறுகிறவர்களின் பட்டியல்.

சேவைக்காலப் பணத்தில் நடப்பது இதைவிட மோசம், அதற்கு நூற்றாண்டுச் சிக்கல்கூட வேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் பூர்த்தியாக வேண்டும். மாதச் சம்பளம் இல்லாத தொழிலாளிக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். ஒருவர் 2017 ஜனவரி 1 சேர்ந்து, 2021 டிசம்பர் 31 வேலை செய்து நின்றார் என்று வையுங்கள். சரியாக ஐந்து வருடம். புரோகிராம் ஒரு திகதியிலிருந்து மற்றதைக் கழிக்கிறது: 1825 நாள். லீப் வருடத்தைச் சரிக்கட்டுவதாக நினைத்து எழுதினவர் அதை 365.25ஆல் வகுத்திருக்கிறார். வருவது 4.9966. பூர்த்தியான வருடம் என்பதால் தசமத்தை வெட்டினால் 4. ஐந்துக்குக் குறைவு, ஆகவே "உரித்து இல்லை". நாட்சம்பளம் 1000 ரூபா என்றால் 5 × 14 × 1000, 70,000 ரூபா அந்த ஒரு வகுத்தலில் காணாமல் போகிறது.

வகுக்கும் எண்ணை 365 ஆக்கினால் தீருமா? 1994 மார்ச் 1 சேர்ந்து 2024 பெப்ரவரி 24 நின்றவருக்கு 10,952 நாள் வரும். 365ஆல் வகுத்தால் 30ஐத் தாண்டும். உண்மையில் பூர்த்தியானது 29 வருடம்தான். இங்கே தோட்டத்துக்கு நட்டம். நாட்களை வகுத்து வருடம் காண்பதே பிழை. நின்ற நாளுக்கு அடுத்த நாளை எடுங்கள். அந்த வருடத்திலிருந்து சேர்ந்த வருடத்தைக் கழியுங்கள். மாதமும் நாளும் சேர்ந்த மாதத்தையும் நாளையும் எட்டாவிட்டால் ஒன்றைக் குறையுங்கள். ஒரு கிளாக்கர் கையால் போடும்போது இப்படித்தான் போடுவார். கையால் சரியாக வருவதைப் பிழையாகப் போடும் மென்பொருளுக்கு "பழைய சிஸ்டம்" என்பது எப்படிச் சமாதானமாகும்?

அடுத்தது அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500. தட்டச்சைக் குறைக்க, இந்த இலக்கத்திலிருந்தே பிறந்த திகதியை எடுக்கும் புரோகிராம்கள் நிறைய. அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இந்த நாள் எண்ணிக்கையில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். லீப் வருடமா இல்லையா என்ற பேச்சே கிடையாது. 1957 மார்ச் 9 பிறந்த பெண்ணுக்கு 31 + 29 + 9 = 69, அதோடு 500; அட்டை 57569 என்று தொடங்கும். சாதாரண நாட்காட்டியில் 1957இன் 69ஆவது நாள் மார்ச் 10. விதியறியாமல் எழுதிய புரோகிராம் ஒரு நாளைப் பிந்தவைக்கும். 1957 டிசம்பர் 31 பிறந்த ஆணுக்கு அட்டையில் 366 இருக்கும், புரோகிராம் அவரை 1958 ஜனவரி 1க்குத் தள்ளிவிடும். பிறந்த வருடமே மாறிப்போகும்.

2016இலிருந்து வரும் புதிய அட்டையில் 12 எண்கள், வருடம் நான்கு இலக்கம். பழைய புரோகிராமில் அந்தக் கட்டத்துக்குப் பத்து இடம்தான். இளம் தொழிலாளி சேரும்போது கிளாக்கர் முன்னால் இருக்கும் 19ஐயோ 20ஐயோ விட்டுவிட்டு மிச்சத்தை அடிப்பார். எண் பத்து வந்துவிடும், புரோகிராமும் வாயை மூடிக்கொள்ளும். ஊழியர் சேமலாப நிதிக்கு விவரம் அனுப்பும்போது அது பொருந்தாது. பழைய இலக்கத்தைப் புதியதாக்கும் முறை ஆட்பதிவுத் திணைக்களம் வைத்த ஒழுங்கில் நேரானது: முன்னால் 19, பிறகு முதல் ஐந்து எண்கள், ஒரு பூச்சியம், மிச்சம் நான்கு எண்கள், கடைசி எழுத்தை விட்டுவிடுவது.

மலையகத்துக்கென்றே இன்னொரு சங்கடம் உண்டு. வயதை உத்தேசமாகப் பதிந்து பத்திரம் எடுத்த பெரியவர்கள் இருக்கிறார்கள். செக்ரோலில் ஒரு வயது, சேமலாப நிதியில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. புரோகிராமோ முழுத் திகதி கொடுக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போக விடாது. கிளாக்கர் ஜனவரி 1 என்று போட்டுவிட்டு நகர்வார். அப்படிப் போட்டது உத்தேசமா உண்மையா என்று குறித்துவைக்க ஓர் இடம், பத்திரம் எதுவென்று சொல்ல இன்னோர் இடம் இருந்தால் போதும். 2021இல் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கி, அப்போது ஐம்பதுகளில் இருந்தவர்களுக்குப் பிறந்த திகதியைப் பார்த்துப் படிப்படியாக வயது குறித்த பிறகு, இந்த இரண்டு கட்டங்களின் பெறுமதி கூடியிருக்கிறது.

இப்போது பங்கு பிரிக்கலாம். என் கணிப்பில் மூன்று வகை.

சட்டம் மாறியதால் வரும் மாற்றம், உதாரணமாக 12 எண் அட்டை, ஓய்வு வயது. விற்றவருக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க முடியாது. செய்துதரக் காசு கேட்கலாம். செய்யமாட்டேன் என்று பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருக்க முடியாது.

விற்ற நாளிலேயே இருந்த பிழை: வெட்டுப்புள்ளி, 365.25, பெப்ரவரி 29. இவை எல்லாம் எழுதினவருக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டியவை. இதற்குக் காசு கேட்பது முறையில்லை. புரோகிராமைத் திருத்துவதோடு நில்லாமல், அது இதுவரை பிழையாக எழுதிவைத்த தரவையும் திருத்திக் கொடுப்பது அவர் பங்கு. ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்பு திகதியை எட்டு இலக்கத்தில் முழு வருடத்தோடுதான் சேமிக்கிறது. இரண்டு இலக்கமாக வாங்கும் திரையில்தான் நூற்றாண்டு பிழையாக உள்ளே போகிறது. அதனால் பேட்ச் போட்ட பிறகும் பழைய பிழை அப்படியே கிடக்கும்.

மூன்றாவது நம்முடைய பங்கு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட். அது இறங்கிவிட்டால், கரண்ட் போய் வந்ததும் கணினியின் திகதி பல வருடம் பின்னுக்குப் போய் நிற்கும். மழைக்காலத்தில் இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கைக் கழற்றிவைக்கிற ஆபீஸ்களில் பேட்டரி இன்னும் வேகமாக இறங்கும். மீற்றர் வைத்துப் பாருங்கள், 2.7க்குக் கீழே வந்தால் மாற்றுங்கள். இணையம் நேரத்தைச் சரிசெய்துவிடும் என்று நம்பவேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பியில் நேரம் 15 மணித்தியாலத்துக்கு மேல் பிழையாக இருந்தால் அது தானாகச் சரிசெய்யாது. பேட்டரி நம் செலவு. ஆனால் சென்ற மாதம் பதிந்ததற்கு முந்திய திகதியில் கணினி நிற்கும்போது ஒரு வார்த்தை கேட்காமல் சம்பளத்தைப் பதிந்துவிடுகிற புரோகிராம் விற்றவரின் கணக்கு.

ரீஜியன் செட்டிங்கும் இப்படித்தான் இரண்டு பக்கமும் இழுக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டவர் அமெரிக்க ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டால் மாதம் முன்னால், நாள் பின்னால். விஷுவல் பேசிக் புரோகிராமில் 13/05 என்று அடித்தால் மே 13 என்று சரியாகவே எடுக்கும். 05/04 என்று அடித்தால் சத்தமில்லாமல் மே 4 ஆக்கிவிடும். பாதி சரி, பாதி பிழை என்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. செட்டிங்கை நாம் பார்க்க வேண்டும்தான். ஆனாலும் சம்பளப் புரோகிராம் ஒன்று விண்டோஸ் செட்டிங்கை நம்பித் திகதி வாங்கியிருக்கவே கூடாது.

நேரப் பதிவு இயந்திரம் வைத்திருக்கும் ஸ்டோர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: இலங்கை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு முன்னால் நிற்கும் வித்தியாசம் 1996 மே மாதம் ஆறரை மணித்தியாலத்துக்கும், அதே வருடம் ஒக்டோபரில் ஆறு மணித்தியாலத்துக்கும் மாறி, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. பழைய பதிவுகளை ஒரே வித்தியாசம் வைத்து மாற்றினால் நள்ளிரவை ஒட்டிய ஷிப்டுகள் தவறான நாளில் விழும்.

சட்டத்தில் எவ்வளவு பிடி இருக்கிறது? முதலில் கசப்பானது. தொழில் திணைக்களத்துக்கு மென்பொருள் ஒரு பொருட்டே இல்லை. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் அடுத்த மாத முடிவுக்குள் போகாவிட்டால், பிந்துவதைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். அது தொழில்தருநர் தலையில்தான். சேவைக்காலப் பணமும் அப்படியே, 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுப் பிறகு விற்றவரிடம் கேட்கலாம்.

கேட்பதற்கு எழுத்திலான ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து ஆறு வருடம். 1999இல் பிழையோடு கொடுத்தது அன்றே மீறல் என்றால், அந்தக் கதவு 2005இலேயே மூடிவிட்டது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் நோக்கத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, ஆனால் மென்பொருள் "பொருள்" தானா என்பதிலேயே வாதம் நீளும். கைக்கு எட்டுவது வருடா வருடம் புதுப்பிக்கும் பராமரிப்பு ஒப்பந்தம். போன வருடம் காசு வாங்கி, "புரோகிராம் சரியாக ஓடுவதைப் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதிக் கொடுத்தவர் 1999ஐக் காட்டித் தப்புவது கடினம். எந்த நட்டத்துக்கும் பொறுப்பில்லை என்ற வரி அதில் இருந்தாலும், அந்த வரி நியாயமானதா என்று பார்க்க 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் சட்டம் இடம் வைத்திருக்கிறது. வழக்கென்று போகுமுன் உங்கள் ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். மறுபக்கமும் உண்டு: பத்து வருடம் பராமரிப்புக் காசே கட்டாமல், எக்ஸ்பியில் ஓட்டிவிட்டு, இப்போது ஓடிவந்து திருத்து என்றால் எனக்கு விற்றவர் மேல்தான் இரக்கம் வரும்.

பெரிய கம்பனிகள் பொறுப்பெடுத்ததற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. 2012 பெப்ரவரி 29 மைக்ரோசாஃப்டின் அசூர் என்ற இணையவழிக் கணினிச் சேவை விழுந்தது. ஒரு சான்றிதழின் முடிவுத் திகதிக்கு வருடத்தில் ஒன்றைக் கூட்டியதால் 2013 பெப்ரவரி 29 என்ற இல்லாத நாள் உண்டானதுதான் காரணம். காரணத்தை வெளிப்படையாக எழுதி, அந்த மாதக் கட்டணத்தில் 33 வீதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு காய்கறிக்கடை, 2000த்தில் காலாவதியாகும் கடனட்டைகளைக் கண்டதும் நின்றுபோன காசுப் பதிவு இயந்திரங்களுக்காக 1997இல் வழக்குப் போட்டு, அடுத்த வருடம் 250,000 டொலருக்குச் சமாதானமானது.

விற்றவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். தொலைபேசியில் வேண்டாம். இந்தப் புரோகிராம் எந்த நாள் முதல் எந்த நாள் வரை சரியாகக் கணக்கிடும், இரண்டு இலக்க வருடம் எந்தெந்தத் திரையில் இருக்கிறது, வெட்டுப்புள்ளி எது, பூர்த்தியான வருடத்தை எப்படிக் கணக்கிடுகிறது, முழுத் தரவையும் நான்கு இலக்க வருடத்தோடு சாதாரணக் கோப்பாக எடுத்துத் தர முடியுமா: இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான், அடுத்த பராமரிப்புத் தவணை கட்டுமுன் கையில் இருக்கட்டும்.

சோதனையை நீங்களே செய்யலாம், ஆனால் சம்பளம் போடும் கணினியில் திகதியைத் தொடவேண்டாம். திகதி முன்னுக்கும் பின்னுக்கும் போனால் பூட்டிக்கொள்ளும் லைசன்ஸ் சில புரோகிராம்களில் இருக்கிறது. பேக்கப்பும் புதியதென்று நினைத்துப் பழையதன் மேல் எழுதிவிடும். ஃபோல்டரை வேறொரு கணினிக்குப் பிரதி எடுத்து, வலையமைப்புக் கேபிளைக் கழற்றிவிட்டு, கணினித் திகதியை 2028 பெப்ரவரி 29, 2029 டிசம்பர் 31, 2030 ஜனவரி 1 என்று வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு சம்பளச்சிட்டு எடுங்கள். இணையம் வழி ஓடும் புதிய சிஸ்டங்களுக்கு 2038 ஜனவரி 19ஐயும் சேருங்கள். நேரத்தை விநாடிகளாக எண்ணும் 32 பிட் கணக்கு நம் நேரப்படி அன்று காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு தீர்ந்துவிடும், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் டைம்ஸ்டாம்ப் கட்டமும் அதோடு சரி. மேலே சொன்ன 2017 முதல் 2021 வரையிலான சேவையையும், 1957 டிசம்பர் 31 பிறந்த திகதியையும் அடித்துப் பாருங்கள்.

விற்றவரையே காணோம், எழுதின பையன் மெல்பேர்னிலோ டொரொண்டோவிலோ இருக்கிறான் என்றால், டிபிஎஃப் கோப்பின் பிரதி ஒன்றை லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் திறக்கலாம். சேர்ந்த திகதி பிறந்த திகதிக்கு முந்தியிருக்கும் வரிகள், 1930க்கு முந்திய திகதிகள், இன்றைக்குப் பிந்திய பிறந்த நாட்கள் என்று மூன்று வடிகட்டல் போட்டாலே கெட்ட வரிகளில் பெரும்பாலானவை மேலே வந்துவிடும். அவற்றை அடையாள அட்டைப் பிரதியோடும் பழைய செக்ரோல் புத்தகத்தோடும் ஒப்பிட்டுத் திருத்துங்கள். புதிய சிஸ்டம் வாங்கினால், தரவு ஏற்றிய பிறகு இரண்டையும் மூன்று சம்பள மாதம் பக்கம்பக்கமாக ஓட்டுங்கள். அதில் ஒரு மாதம் பெப்ரவரியாக இருக்கட்டும், கடைசித் தவணைக் காசை அந்தச் சம்பளச்சிட்டுகள் பொருந்திய பிறகு கொடுங்கள்.